யோனாவுக்கும் கப்பல் ஆயத்தமாக இருந்தது



புலம்பெயர்ந்து வந்த எம்மவரின் வாயில் அடிக்கடி வருகின்ற வாக்கியம் ஒன்று உண்டு. "கடவுள்தான் எங்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார்" என்பதே அது. சைவ வீடுகளில் முருகன் பெயராலோ பிள்ளையார் பெயராலோ அதைச் சொல்வார்கள். கிறிஸ்தவ வீடுகளில் "ஆண்டவர் வழிநடத்தினார்" என்பார்கள். நானும் பல ஆண்டுகளாக அதையே சொல்லி வந்தவன். அந்த வாக்கியத்தை எவ்வளவு பொறுப்போடு சொல்லவேண்டும் என்பதை ஒரு சகோதரி எனக்குக் கற்பித்தார். அந்தப் பாடத்தைப் பற்றியே இங்கு எழுதுகின்றேன்.

அஜக்ஸ் நகரில் எங்கள் பகுதியைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒரு சனிக்கிழமை மாலையில் யாராவது ஒருவருடைய வீட்டிலே கூடிச் செபிப்பது வழக்கம். கத்தோலிக்கர், தென்னிந்திய திருச்சபையினர், மெதடிஸ்தர் என்ற பாகுபாடு அங்கே கிடையாது. ஊரிலே வெவ்வேறு கோவில் மணிகளுக்கு எழும்பியவர்கள் இங்கே ஒரே கம்பளத்தில் நெருங்கி உட்காருவோம். பாட்டு, வேத வாசிப்பு, செபம், அதன்பின் சாட்சி, முடிவில் தேநீரும் றோல்சும் என்பது ஒழுங்கு.

2005 ஆம் ஆண்டு யூலை மாதத்துக் கூட்டம் நவாலிப் படுகொலையின் பத்தாவது ஆண்டு நினைவாக அமைந்தது. இளைய வாசகர்களுக்காகச் சில வரிகள்: 1995 யூலையில் "முன்னேறிப் பாய்தல்" என்ற பெயரில் இராணுவம் வலிகாமம் பகுதிக்குள் முன்னேறியபோது, இடம்பெயர்ந்த மக்கள் பலர் நவாலி புனித பேதுரு தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் அடைக்கலம் புகுந்தார்கள். யூலை 9 ஆம் திகதி பிற்பகல் விமானப்படை வீசிய குண்டுகளுக்கு நூற்றுக்கு மேற்பட்டோர் அவ்விடத்தில் பலியானார்கள்.

அன்றைய கூட்டத்தில் வயதில் மூத்த சகோதரர் ஒருவர் எழுந்து சாட்சி சொன்னார். அந்தப் பிற்பகல் அவரும் தேவாலய வளவில் இருந்தாராம். உள்ளுக்குள் ஒரு குரல் "எழும்பிப் போ" என்று சொன்னதாம். காரணம் புரியாமலே எழுந்து நடந்தாராம். சற்றுத் தூரம் போவதற்குள் குண்டு விழுந்ததாம். "அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தபடியால் இன்று உங்கள் முன்னிலையில் நிற்கின்றேன்" என்று அவர் முடித்தபோது அவருடைய கண்கள் கலங்கின. அறை முழுவதும் "ஸ்தோத்திரம்" என்ற ஒலி எழுந்தது. அவற்றுள் உரத்த குரல் என்னுடையது.

சமையலறை வாசலோரம் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் அப்போது சத்தமில்லாமல் எழுந்து உள்ளே போனார். தேநீர் போடப் போகின்றார் என்று நினைத்தேன். சிறிது நேரத்தின் பின் கோப்பைகளை எடுக்க நான் உள்ளே சென்றபோது அடுப்பு மூட்டப்படவில்லை. அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, என்ரை சகோதரனும் அங்கைதான் இருந்தவன். அவனுக்கு மட்டும் ஆண்டவர் ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

எனக்குத் தெரிந்த வேத வசனங்கள் ஒன்றேனும் நாவில் வரவில்லை. கோப்பைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவர் எங்களுள் பலருக்கு அக்கா. அவருடைய தம்பி நவாலியில் இறந்த செய்தி எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், சாட்சி சொல்லப்பட்டபோது அவர் அங்கே இருக்கின்றார் என்ற நினைவே எனக்கு எழவில்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சாட்சி சொன்ன சகோதரரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சாவின் விளிம்பிலிருந்து தப்பியவன் நன்றி சொல்லாமல் வேறு யார் சொல்வது? என்னை உறுத்தியது என்னுடைய சொந்தச் சாட்சி. அதே கூட்டத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், நானும் எழுந்து நின்று ஆண்டவர் வழிநடத்திய கதை ஒன்றை விரிவாகச் சொல்லியிருந்தேன். அது உயிர் தப்பிய கதை அன்று. வீடு வாங்கிய கதை.

அந்தக் கதையை வாசகர்களுக்கும் சொல்லவேண்டும். நான் 1991 இல் கனடாவுக்கு வந்தவன். ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டிலும் பின்னர் தொடர்மாடி ஒன்றிலுமாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வாடகைக்கு இருந்தோம். 2003 புதுவருட ஆராதனையில், எங்கள் சபை வழக்கப்படி, வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுத்தேன். நிலத்தையும் குடியிருப்பையும் பற்றிய வசனம் அதில் இருந்தது. அன்றிலிருந்து எல்லாவற்றிலும் எனக்கு அடையாளங்கள் தெரியத் தொடங்கின. அஜக்ஸில் பார்த்த முதல் வீட்டின் கதவிலக்கம் எங்கள் திருமணத் திகதியாக இருந்தது. கடன் தராது என்று நினைத்த வங்கி கடன் தந்தது. நாங்கள் குடிபுகுந்த வாரத்தில், 2003 ஆகஸ்ட் 14 ஆம் திகதி, ஒன்ராறியோவின் பெரும்பகுதியும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் மின்சாரமின்றி இருளில் மூழ்கின. அடுத்த தெரு இருண்டு கிடந்தபோதே எங்கள் தெருவில் வெளிச்சம் வந்துவிட்டது. அதையும் ஆண்டவருடைய அங்கீகாரம் என்று எடுத்துக்கொண்டேன். சாட்சியிலே அஜக்ஸை "எங்கள் கானான்" என்றே வர்ணித்தேன்.

சாட்சியில் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதே ஆண்டு யூன் மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. என் மூத்த சகோதரி, நாங்கள் பெரியக்கா என்று அழைப்பவர், மன்னாரில் வாழ்க்கைப்பட்டவர். 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது கணவனோடும் கைக்குழந்தைகளோடும் படகேறி இராமேஸ்வரம் போய், மண்டபம் முகாமில் பதிந்து, பிறகு தமிழ்நாட்டின் உட்பகுதியில் வேறொரு முகாமுக்கு அனுப்பப்பட்டார். சில ஆண்டுகளில் அத்தானும் காலமானார். மூத்த மகன் பிளஸ் ரூ பரீட்சையில் நல்ல புள்ளிகள் எடுத்திருந்தான். பொறியியல் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கு ஐம்பதாயிரம் இந்திய ரூபா வேண்டும், உதவ முடியுமா என்று பெரியக்கா கேட்டிருந்தார். அன்றைய கனேடியப் பணத்தில் அது ஏறக்குறைய 1,500 டொலர்.

வீட்டின் முற்பணத்துக்காக ஒவ்வொரு டொலரையும் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. "வீட்டு அலுவல் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று இரண்டு வரி எழுதிப் போட்டேன். கடிதத்தை இழுப்பறையில் வைத்தேன். வீட்டுக்காக நாற்பது நாள் உபவாசம் இருந்து செபித்தவன், அந்தக் கடிதத்துக்காக ஒரு நாளாவது முழங்காலில் நிற்கவில்லை. செபித்தால் என்ன விடை கிடைக்கும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது என்றே இப்போது நினைக்கின்றேன். பெரியக்கா மறுபடி கேட்கவில்லை. மருமகன் கல்லூரிக்குப் போகவில்லை. முகாமிலிருந்த மற்ற இளைஞர்களோடு சேர்ந்து கட்டடங்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலைக்குப் போனான்.

சமையலறையில் அந்த அக்கா கேட்ட கேள்வி அவருடைய தம்பியைப் பற்றியது. ஆனால் என் மனம் போய் நின்ற இடம் என்னுடைய இழுப்பறை. ஓர் அக்கா தம்பியை இழந்து நிற்கின்றார். இன்னோர் அக்காவுக்குத் தம்பி உயிரோடு இருந்தும் இல்லாமல் போனான்.

இதன்பின் வேதாகமத்தை வேறு கண்ணோடு வாசிக்கத் தொடங்கினேன். முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது யோனாவின் சரித்திரம். ஞாயிறு பள்ளியில் நாமெல்லோரும் மீனை மட்டும் கவனித்தோம். நான் இப்போது கவனித்தது துறைமுகத்தை. நினிவேக்குப் போகும்படி அனுப்பப்பட்டவன் எதிர்த்திசையிலுள்ள தர்ஷீசுக்குப் போக முடிவு செய்கின்றான். யோப்பாவுக்கு வருகின்றான். அங்கே அவன் போகவேண்டிய இடத்துக்கே ஒரு கப்பல் ஆயத்தமாக நிற்கின்றது. கூலி கொடுக்கக் கையில் பணமும் இருக்கின்றது. ஏறிப் படுத்ததும் ஆழ்ந்த நித்திரையும் வருகின்றது. கதவு திறந்தது, பணம் கிடைத்தது, மனம் அமைதியாக இருந்தது என்ற மூன்றும் வழிநடத்துதலுக்கு அத்தாட்சி என்றால், யோனாவின் பயணத்தைப் போல் ஆசீர்வதிக்கப்பட்ட பயணம் வேறெதுவும் இல்லை. முகவருக்குப் பணம் கட்டிப் பயணம் செய்த எமக்கு இந்தக் கதை நன்றாக விளங்கவேண்டும். வழி திறந்திருக்கின்றது என்பது ஒரு செய்தி. அந்த வழியால் போகவேண்டும் என்பது வேறொரு செய்தி.

பவுலின் பயணமோ இதற்கு நேர்மாறானது. இரவில் கண்ட தரிசனத்தின்படி அவர் மக்கெதோனியாவுக்குக் கடல் கடந்து போகின்றார். அது உண்மையான அழைப்பு. ஆயினும் பிலிப்பி பட்டணத்தில் அவருக்குக் கிடைத்தது பிரம்படியும் சிறைச்சாலையும் காலுக்குத் தொழுமரமும். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததை வைத்து ஒருவனுடைய வழி சரியென்றும், துன்பப்பட்டதை வைத்து ஒருவனுடைய வழி பிழையென்றும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? நவாலியில் இறந்தவர்கள் ஆண்டவரின் குரலுக்குச் செவிகொடாதவர்கள் என்று எங்கள் "ஸ்தோத்திரம்" மறைமுகமாகச் சொல்லிவிட்டது. நாங்கள் அப்படி நினைக்கவில்லைத்தான். ஆனால் சமையலறைக்குள் போனவருக்கு அப்படியே கேட்டது.

அப்படியானால் வழிநடத்துதல் என்பதே இல்லையா? அதை எவ்வாறு இனங்காண்பது? இந்தக் கேள்வியோடு நான் நடந்தபோது, எங்கள் செபக்கூட்டத்திலுள்ள மட்டக்களப்பைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பர் ஒருவர் எனக்கு லொயோலா இஞ்ஞாசியாரைப் பற்றிச் சொன்னார். மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய இயேசு சபையின் தாபகர் இவர். புரட்டஸ்தாந்து வீட்டில் வளர்ந்த எனக்கு அவருடைய பெயர் மட்டுமே தெரிந்திருந்தது.

இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர். 1521 இல் பம்பலோனாக் கோட்டையில் நடந்த சண்டையில் பீரங்கிக் குண்டொன்று அவருடைய காலை முறித்தது. லொயோலாவிலிருந்த குடும்ப மாளிகையில் மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். பொழுதுபோக்குக்கு வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இருக்கவில்லை. கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் வரலாறுகளுமே கிடைத்தன. அவர் இரண்டு வகையான பகற்கனவுகள் கண்டார். ஒன்றிலே பெரும் வீரனாகி ஓர் உயர்குலப் பெண்ணின் மனதைக் கவர்ந்தார். மற்றதிலே புனிதர்களைப் போல ஏழையாகி இறைவனுக்கு ஊழியம் செய்தார். இரண்டும் நினைக்கும்போது இனித்தன. ஆனால் நினைவு கலைந்த பிறகு முதலாவது கனவு அவரை வறட்சியாகவும் அதிருப்தியாகவும் விட்டுச்சென்றது. இரண்டாவது கனவு போன பின்னும் மகிழ்ச்சி தங்கியிருந்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததிலிருந்தே அவருடைய புதிய வாழ்க்கை தொடங்கிற்று. நாள் முடிவிலே அன்றைய பொழுதை ஆண்டவருக்கு முன்பாகத் திருப்பிப் பார்க்கும் செபத்தையும் அவர் தம் சபையாருக்குக் கற்பித்தார்.

நான் வேலை செய்த இடம் ரொறன்ரோ நகரின் மத்தியில் இருந்தது. மாலையில் யூனியன் நிலையத்தில் கோ புகையிரதம் ஏறினால் அஜக்ஸ் வந்து சேர ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகும். அதுவரை அந்த நேரத்தை நித்திரையில் கழித்து வந்தேன். நண்பரின் சொற்படி, அதில் பத்து நிமிடத்தை இந்தச் செபத்துக்கு ஒதுக்கினேன். இன்று எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? எதைக் கண்டு விலகி ஓடினேன்? நான் தள்ளிவிட்டும் எந்த நினைவு திரும்பத் திரும்ப வந்தது? இந்த மூன்று கேள்விகளே முறைமை. புத்தகம் வேண்டாம், கண்ணை மூடக்கூடத் தேவையில்லை.

முதல் வாரத்தில் ஒன்றும் நிகழவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒன்றைக் கவனித்தேன். வீட்டைப் பற்றிய என் சாட்சியை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு சூடு ஏறியது. யார் கேட்டார்கள், யார் பாராட்டினார்கள் என்ற நினைவு கூடவே வந்தது. பிறகு வெறுமை மிஞ்சியது. பெரியக்காவின் கடிதத்தை நினைக்கும்போது முதலில் வெட்கம் வந்தது. ஆனால் அந்த வெட்கம் அடங்கிய பிறகு, விந்தையாக, ஓர் அமைதி நிலைத்தது.

இங்கே ஒரு வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எம்மில் பலர் உயிரோடு தப்பியதற்காகவே தம்மைக் குற்றவாளியாக எண்ணித் துன்புறுகின்றோம். அந்தக் குரலும் திரும்பத் திரும்ப வரும். ஆனால் அது "நீ கெட்டவன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே எம்மைக் கிடத்திவிடும். செய்வதற்கு எதையும் காட்டாது. ஆண்டவருடைய குரல் அப்படியல்ல. ஓரேப் மலையிலே பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் நெருப்பும் கடந்த பின்னர் எலியா கேட்ட மெல்லிய சத்தம் அவரைப் புகழவும் இல்லை, சபிக்கவும் இல்லை. இவ்விடத்தில் என்ன அலுவல் என்று கேட்டு, அவர் விட்டு ஓடிவந்த வேலைக்கே அவரைத் திருப்பி அனுப்பியது. என்னைத் திருப்பி அனுப்பிய இடம் இழுப்பறை.

ஒரு தீர்மானத்தைத் தனியாக நின்று எடுத்துவிட்டு ஆண்டவர் மீது போடுவது எவ்வளவு இலகு என்பதை நான் அறிந்திருந்தபடியால், இம்முறை மனைவியிடம் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. "அந்தக் கடிதத்தை நீங்கள் ரண்டு தரம் குப்பைக்குள்ளை போடப் பாத்தனீங்கள். நான்தான் எடுத்து வைச்சனான்" என்றார். கதவிலக்கத்திலும் மின்விளக்கிலும் அடையாளம் தேடிய நான், ஒரே வீட்டில் இருந்தவரிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை.

அக்காலத்திலேதான் நகர நூலகத்தில் அஜக்ஸின் வரலாற்றையும் வாசித்தேன். கானான் என்று நான் கொண்டாடிய ஊர், 1941 இல் எறிகணைகளுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலைக்காக வயல்வெளிகளில் எழுப்பப்பட்டது. 1939 டிசம்பரில் தென் அமெரிக்கக் கடலோரம் லா பிளாற்றா நதிமுகத்தில் ஜேர்மனியப் போர்க்கப்பலோடு மோதிய பிரித்தானியக் கப்பலின் பெயரே ஊருக்கு இடப்பட்டது. அந்தச் சண்டைக்குத் தலைமை தாங்கிய ஹார்வூட் என்பவரின் பெயரையே எங்கள் முதன்மை வீதி தாங்குகின்றது. போர்க்காலத்தில் ஏறக்குறைய 9,000 பேர், பெரும்பாலும் பெண்கள், அங்கே வேலை செய்து நான்கு கோடி எறிகணைகளை நிரப்பினார்கள். எறிகணைக்கு அஞ்சி ஓடிவந்தவன் நான்! அதைவிட என்னைத் தைத்தது அடுத்த பக்கம். போர் முடிந்ததும், 1946 இல், அதே கட்டடங்களில் ரொறன்ரோ பல்கலைக்கழகம் பொறியியல் வகுப்புகளை நடத்தியது. போரிலிருந்து திரும்பிய இளைஞர்கள் பெருந்தொகையாக அங்கே படித்தார்கள். இந்த நாடு, போரால் படிப்பை இழந்த பிள்ளைகளுக்கு எறிகணைக் கொட்டகையையே கல்லூரியாக்கிக் கொடுத்தது. அதே ஊரில் குடியேறுவதற்காக, போரால் எல்லாம் இழந்த ஒரு பிள்ளையின் பொறியியல் படிப்பை நான் இழுப்பறைக்குள் வைத்தேன்.

தொலைபேசி அட்டை ஒன்றை வாங்கி, முகாமுக்கு அருகிலிருந்த கடையின் இலக்கத்துக்கு அழைத்தேன். பெரியக்கா ஓடிவந்து பேசினார். "பிள்ளையள் சுகமோ தம்பி?" என்பதே முதற் கேள்வி. நான் மன்னிப்புக் கேட்டபோது, "அது போகட்டும்" என்று மட்டும் சொன்னார். மருமகன் தொலைபேசிக்கு வரவில்லை. இளையவளைப் படிப்பிப்பதென்று அன்று பேசி முடித்தோம். அவள் தாதியர் பயிற்சி முடித்து இன்று தன் குடும்பத்தைத் தாங்குகின்றாள். மருமகனுக்கு இப்போது நாற்பது வயதாகின்றது. நான் அழைத்தால் "ஓம் மாமா, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பதற்கு மேல் ஒன்றும் பேசுவதில்லை. தவறிய காலத்தை ஆண்டவர் எனக்குத் திருப்பித் தரவில்லை. அந்தக் கணக்கு அப்படியே இருக்கின்றது. வழிநடத்துதலை இனங்காணத் தாமதித்தால் அதன் விலையைப் பெரும்பாலும் வேறொருவர் செலுத்துகின்றார் என்பதை மறக்கவேண்டாம்.

இதை எழுதும்போது 1986 ஆம் ஆண்டு நினைவுக்கு வருகின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 11 ஆம் திகதி, நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் எம்மவர் 155 பேர் மிதந்துகொண்டிருந்தார்கள். அவர்களுள் எத்தனை பேர் எத்தனை தெய்வங்களை அழைத்திருப்பார்கள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. கஸ் டால்ற்றன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டார். தன் தொழிலைப் பார்த்துக்கொண்டு போகவில்லை. படகைத் திருப்பினார், ஆட்களை ஏற்றினார், உதவிக்கு மற்றவர்களை அழைத்தார். அந்த 155 பேருடைய மன்றாட்டுக்கும் விடையாக வந்தது ஒரு மீனவருடைய வழமையான காலைப் பயணம். எனக்கு இதிலே ஒரு பாடம் தெரிகின்றது. ஆண்டவர் எனக்கு என்ன வழி காட்டுகின்றார் என்று கேட்டுக்கொண்டே இருக்கும் நாம், வேறொருவர் கேட்ட வழி நாமாக இருக்கலாம் என்பதை நினைப்பதில்லை. பெரியக்கா முகாமில் முழங்காலில் நின்று கேட்டதற்கு விடையாக அனுப்பப்பட்டவன் நான்தான். விடை வீட்டு முற்பணம் எண்ணிக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு மார்கழியில், முதல் பெரிய பனி கொட்டிய ஒரு மாலை, புகையிரதத்திலிருந்து இறங்கியபோது சமையலறையில் நின்ற அக்காவின் நினைவு வந்தது. அன்றுடன் மூன்றாவது நாளாக அந்த நினைவு வருகின்றது. போவதால் எனக்கு ஒரு நன்மையும் இல்லை; போகாமல் விட்டால் யாரும் குறை சொல்லப் போவதும் இல்லை. இந்த இரண்டையும் யோசித்தபோதே, போகவேண்டும் என்று தெளிவாயிற்று. அவருடைய வீட்டு வாசலில் பனியைத் தள்ளிவிட்டுக் கதவைத் தட்டினேன். இழுப்பறைக் கதை முழுவதையும் அவரிடம் சொன்னேன். அவருடைய கேள்விக்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் சொன்னேன்.

அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு முதன்முறையாகத் தம் தம்பியைப் பற்றிச் சொன்னார். பகிடிக்காரன், துவிச்சக்கரவண்டி திருத்துவதில் கெட்டிக்காரன், இடம்பெயர்ந்து வந்த கிழவி ஒருவருக்குத் தன் பாயை விரித்துக் கொடுத்துவிட்டு, அவருக்குத் துணையாக அங்கேயே நின்றவன். தாய் வந்து கூப்பிட்டபோதும், "ஆச்சியைத் தனிய விட்டிட்டு எப்பிடி வாறது?" என்றானாம். இதைச் சொல்லி நிறுத்திவிட்டு அக்கா சொன்னார்:

"தம்பி, நான் யோசிச்சுப் பாத்தனான். அவனுக்கும் ஆண்டவர் ஏதோ சொல்லித்தான் இருப்பார். அந்த அண்ணைக்குப் 'போ' எண்டு சொன்னவர், இவனுக்கு 'நில்' எண்டு சொல்லியிருப்பார்."

இந்த வார்த்தையை அவர் சொல்லலாம். நான் அவருக்குச் சொல்லியிருக்கக்கூடாது. பத்து ஆண்டுகள் அழுத பிறகு அவரே கண்டெடுத்த வார்த்தை அது. குண்டு போட்டது மனிதர். அதை ஆண்டவருடைய சித்தம் என்று அக்கா சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கொடுமையின் நடுவிலே, ஒரு கிழவியை விட்டு அகலாமல் நின்ற இளைஞனிடம் ஆண்டவருடைய சாயல் இருந்தது என்பதை நான் மறுக்க முடியாது.

அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்தார். நவாலியில் தப்பிய சகோதரர், யாரும் சொல்லாமலே, அவருக்கு அருகில் போய் அமர்ந்து அவருடைய தம்பியின் பெயரைக் கேட்டார். அன்றிலிருந்து எங்கள் செபக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. சாட்சிக்கு முன்பாக, நாங்கள் இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஒரு நிமிடம் மௌனமாக இருப்போம். அந்த மௌனத்துக்குப் பின் சாட்சிகள் குறைந்தன. சொல்லப்பட்டவை உண்மையாக இருந்தன.

ஆண்டவர் வழிநடத்துகின்றார் என்பதை நான் இன்றும் நம்புகின்றேன். முன்னரிலும் அதிகமாக நம்புகின்றேன். ஆனால் ஒரு நினைவு அவரிடமிருந்து வந்ததா என்று அறிய இப்போது சில கேள்விகளைக் கேட்கின்றேன். இதனால் நன்மை எனக்கு மட்டுந்தானா? சில நாட்கள் பொறுத்த பின்னும் அது அமைதியோடு நிற்கின்றதா? என்னோடு வாழ்பவர்களிடம் கேட்டேனா? செய்யவேண்டிய ஒன்றை அது காட்டுகின்றதா? எல்லாவற்றுக்கும் மேலாக, இதை ஆண்டவருடைய செயல் என்று, தம்பியை இழந்த அந்த அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு உண்டா? அவருடைய முகத்துக்கு முன்னால் சொல்ல முடியாததை ஆலயத்திலும் சொல்லக்கூடாது என்பதே நான் கற்றுக்கொண்டது.

வாசகர்களே, இன்று கடிதங்கள் வருவதில்லை. தொலைபேசித் திரையில், வாட்ஸ்அப்பில் வந்து, வாசித்தும் பதில் எழுதாமல் விட்ட செய்தி ஒன்று உங்களிடமும் இருக்கக்கூடும். வன்னியிலிருந்தோ, மன்னாரிலிருந்தோ, தமிழ்நாட்டு முகாமொன்றிலிருந்தோ அது வந்திருக்கலாம். ஆண்டவர் எனக்கு ஒன்றும் பேசுகின்றாரில்லையே என்று முறையிடுவதற்கு முன்னர், அதை ஒருமுறை திறந்து பாருங்கள்.